பெரிய தட்டுக்கு எந்த ஆக்சுவேட்டர்? முதலில் எடையைக் கேளுங்கள்

என் வீட்டின் பின்புறத்தில், துணி காயப்போடும் கம்பிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில், 2.4 மீட்டர் அகலமுள்ள செயற்கைக்கோள் தட்டு ஒன்று நிற்கிறது. கம்பிவலைத் தட்டு. கிள்ளானில் ஒரு தங்கும் விடுதி கூரையைச் சீரமைத்தபோது கழற்றிப் போட்டது. பழைய இரும்புக்கடையில் 280 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். பள்ளி அறிவியல் கழகத்துக்காக வாங்கியதுதான். ஆனால் பள்ளி வளாகத்தில் இடம் ஒதுக்க நிர்வாகம் தயங்கியதால் என் வீட்டுக்கே வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

தொலைக்காட்சி பார்ப்பதற்காக அல்ல. தென்கொரியாவின் ஜிகே-2ஏ வானிலைக் கோள் 2018 டிசம்பரில் ஏவப்பட்டது, 128.2 பாகை கிழக்கில் நிற்கிறது. அது அனுப்பும் மேகப் படங்களை நேரடியாகப் பிடிப்பது முதல் ஆசை. அதற்கு ஒரு மீட்டர் தட்டே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தட்டு எங்களுடைய இரண்டாவது ஆசைக்கு: பால்வெளி மண்டலத்தின் ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் வானொலி அலையைக் கேட்பது. இரண்டையும் ஒரே தட்டில் செய்ய வேண்டுமென்றால் அதைத் திருப்ப ஒரு மோட்டார் வேண்டும். அங்கேதான் நான் தவறு செய்தேன்.

செயற்கைக்கோள் தட்டுக்கென்றே செய்யப்படும் ஆக்சுவேட்டர் என்பது பார்ப்பதற்குச் சைக்கிள் பம்பைப் பெரிதாக்கியது போல இருக்கும். குழாய்க்குள் ஒரு திருகுதண்டு; அடியில் ஒரு சிறிய மோட்டார். மோட்டார் சுற்றினால் உள்குழாய் நீளும், எதிர்ப்புறம் சுற்றினால் சுருங்கும். ஒரு முனையைத் தாங்குகாலிலும் மறுமுனையைத் தட்டின் முதுகிலும் பிணைத்தால் தட்டு திரும்பும். அப்படியொன்றை வாங்க யோசித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த ஒருவர் தம் வீட்டு ஆட்டோகேட்டின் பழைய கை ஒன்றை இலவசமாகத் தந்தார். "இரும்புக் கேட்டையே தள்ளுது சார், இந்தத் தட்டு எம்மாத்திரம்?" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. பிணைத்துவிட்டோம். மூன்று சனிக்கிழமை ஒழுங்காக ஓடியது.

நான்காவது சனிக்கிழமை தட்டு மேற்கே சாய்ந்திருந்த நேரத்தில் ஒரு மாணவன் அந்தக் கையில் இருந்த சாவித் துளையைப் பார்த்தான். மின்சாரம் இல்லாதபோது கேட்டைக் கையால் திறப்பதற்காக வைத்திருக்கும் விடுவிப்பு அது. திருப்பிப் பார்த்தான். மோட்டார் திருகுதண்டிலிருந்து கழன்றுகொண்டது. தட்டு தன் எடையிலேயே சரிந்து, அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

மறுநாள் அவன் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. தட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தானே மாட்டினீங்க, சார்?" என்று கேட்டார். நான் போடவில்லை. இரண்டாம் படிவத்திலேயே மாணவர்களுக்கு 'மோமென் டாயா' என்று கற்றுத்தருகிற திருப்புத்திறனை என் வீட்டுப் பின்புறத்தில் மறந்திருந்தேன். கணக்கைக் காட்டிவிட்டுத்தான் இனிப் பிள்ளைகளைக் கூப்பிடுவேன் என்று அவரிடம் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான். கூடவே என் கருத்தும்: நம் வட்டாரத்தில் பெரிய தட்டுக்கு ஆக்சுவேட்டர் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். "எத்தனை குதிரைத் திறன், எத்தனை வாட்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது "எத்தனை கிலோ, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில்?"

ஆட்டோகேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட் நிமிர்ந்து நிற்கும் கீலில் சுழல்கிறது. அதன் எடை முழுவதையும் கீல் தாங்கிக்கொள்கிறது. தள்ளும் கைக்கு உராய்வும் காற்றும்தான் எதிரி. விட்டுவிட்டாலும் கேட் அங்கேயே நிற்கும். தட்டு அப்படியல்ல. நிலைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளையமாக நிற்கின்றன. அந்த வளையத்தை ஒரே மோட்டாரில் வருட வேண்டுமானால் தட்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். லண்டனில் அந்த அச்சு தரையிலிருந்து 51 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். கிள்ளானில் 3 பாகை. அதாவது ஏறத்தாழப் படுத்தே கிடக்கும்.

படுத்த அச்சில் சுழலும் தட்டு என்றால் என்ன? கிழக்கிலிருந்து உச்சி வழியாக மேற்குக்குக் கவிழும் ஒரு கிணற்று ஏற்றம். உச்சியை விட்டுச் சாயச் சாய அதன் எடை முழுவதும் திருப்பப் பார்க்கும். புவியீர்ப்பின் திருப்புத்திறன் அட்சரேகையின் கோசைனைப் பொறுத்தது: லண்டனில் 0.62, நம் ஊரில் ஏறக்குறைய 1. ஒரே தட்டு, ஒரே சாய்வு. அங்கே 62 கிலோவாகத் தெரிவது இங்கே 100 கிலோவாகத் தெரியும். குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத் தட்டுகளுக்காக எழுதிய பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவர்கள் தவறாக எழுதவில்லை. அவர்கள் ஊர் வேறு.

இப்போது என் தட்டு. வலை, விலாக் கம்பிகள், ஏற்பி, தாங்கு வளையம் எல்லாம் சேர்த்து 45 கிலோ. குளியலறைத் தராசில் பகுதி பகுதியாக நிறுத்துப் பார்த்தோம். எடை மையம் அச்சுக்கு முன்னால் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. உச்சியிலிருந்து 45 பாகை சாய்ந்தால் திருப்புத்திறன் சுமார் 125 நியூட்டன் மீட்டர்.

45 பாகை எதற்கு என்றால், கிள்ளானிலிருந்து பார்க்கும்போது ஜப்பானின் ஹிமவாரி வானிலைக் கோள் நிற்கும் 140.7 பாகை கிழக்கு, உச்சியிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு சாய்வில் இருக்கிறது. மேற்கே 68.5 பாகையில் நிற்கும் இண்டெல்சாட் 20-க்கு 39 பாகை சாய்ந்தால் போதும். ஜிகே-2ஏ கிழக்கே 31 பாகையில். நமக்குப் பழக்கமான மியாசாட், 91.5 பாகையில், உச்சிக்கு 12 பாகை மேற்கே மட்டுமே. ஆக எங்களுக்கு வேண்டிய மொத்த வீச்சு 84 பாகை. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை 180 பாகை திரும்பும் பற்சக்கரப் பெட்டியை வாங்கச் சொன்னவர்களும் உண்டு. பயன்படாத பாதி வீச்சுக்குப் பணம் கொடுப்பானேன்?

திருகுதண்டின் நீளத்தை இந்த 84 பாகைதான் முடிவு செய்கிறது. தண்டின் முனையை அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிணைத்து, நடுநிலையில் தண்டு செங்குத்தாகத் தள்ளும்படி அமைத்தால், 84 பாகைக்குத் தேவையான நீட்சி சுமார் 60 சென்டிமீட்டர். கடையில் 24 அங்குலம் என்று விற்பது 61 சென்டிமீட்டர். பொருந்திவிட்டது. 18 அங்குலத்தை வாங்கினால் விலை குறையும். ஆனால் அதே வீச்சுக்குப் பிணைப்பை 34 சென்டிமீட்டருக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். நெம்புகோல் குறுகினால் விசை கூடும். இந்தப் பேரத்தில் காசு மிஞ்சும், திருகு தேயும்.

இன்னொன்று. தண்டு எப்போதும் செங்குத்தாகத் தள்ளுவதில்லை. வீச்சின் இரு ஓரங்களிலும் அது சாய்வாகத் தள்ளும். 45 சென்டிமீட்டர் நெம்புகோல் அங்கே 33 ஆகச் சுருங்கிவிடும். தட்டு மிகக் கனமாகத் தெரியும் இடமும் அதே ஓரம்தான். 125-ஐ 0.33-ஆல் வகுத்தால் சுமார் 380 நியூட்டன். 39 கிலோ எடைக்குச் சமம். பயப்படும் எண்ணாக இது இல்லை.

மாணவர்கள் வியந்தது வேலைக்கான கணக்கைப் பார்த்துத்தான். 45 பாகையிலிருந்து உச்சிக்கு அந்தத் தட்டைத் தூக்க வேண்டிய ஆற்றல் 52 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத் தூக்குவது போன்றது. ஒரு நிமிடத்தில் செய்தால் ஒரு வாட் கூட இல்லை. திருகில் உராய்வாக முக்கால் பங்கு வீணானாலும் நான்கு வாட் போதும். இந்த ஆக்சுவேட்டர்களில் 36 வோல்ட்டில் ஓரிரு ஆம்பியர் இழுக்கும் மோட்டார் இருக்கிறது. தேவைக்குப் பல மடங்கு. பிறகு எதற்கு 'பெரிய மோட்டார்'?

தேவை வேறு இடத்தில் இருக்கிறது. நகரும்போது அல்ல, நிற்கும்போது.

கிள்ளானில் இருப்பவர்களுக்கு 'சுமத்ரா' காற்று தெரியும். விடிவதற்கு முன் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து அரைமணி நேரத்தில் கூரையைப் பிய்க்கப் பார்க்கும் அந்தக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4.5 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டின் முகத்தில் அது நேராக மோதினால் சுமார் 1,300 நியூட்டன். இரண்டு பெரிய ஆட்கள் சாய்ந்து தள்ளுவதற்குச் சமம். கம்பிவலை கொஞ்சம் காற்றை விடும் என்றாலும் நான் அதைக் கணக்கில் கழிக்கவில்லை. அந்த விசை அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் விலகி விழுந்தால் 390 நியூட்டன் மீட்டர். புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு. எடையும் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் தண்டின் மேல் ஏறத்தாழ 1,560 நியூட்டன், 160 கிலோ. இரட்டிப்புப் பாதுகாப்பு வைத்தால் 320 கிலோ.

ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில் சின்ன எழுத்தில் இருப்பதைத் தேடிப் பாருங்கள். ஒன்று நகரும்போது தாங்கும் சுமை. மற்றது நிற்கும்போது தாங்கும் சுமை. விற்பவர் வேகத்தையும் முதல் எண்ணையும் சொல்வார். நமக்கு உயிர்காப்பது இரண்டாவது.

அதோடு திருகின் வகையும். இதில் என் கருத்து உறுதியானது. குண்டுத் திருகு என்று ஒன்று உண்டு: திருகுக்கும் மரைக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் உருளும். தொண்ணூறு விழுக்காடு திறன், வழவழவென்று ஓடும். சாதாரண ஆக்மித் திருகு உலோகத்தோடு உலோகம் உரசுவது. முக்கால் பங்கு ஆற்றலை உராய்வில் தின்றுவிடும். ஆனால் அந்த உராய்வுதான் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனாலும், மோட்டார் எரிந்தாலும், எடை திருகைத் திருப்பித் தள்ள முடியாது. குண்டுத் திருகு தள்ளினால் திரும்பிவிடும். அதற்குத் தனி பிரேக் வேண்டும். பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில், மின்சாரத்தை நம்பியிருக்கும் பிரேக்கை விட உராய்வை நான் அதிகம் நம்புகிறேன். விடுவிப்புச் சாவி உள்ள எதையும் இனி என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர மாட்டேன்.

துல்லியம் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். தட்டின் பார்வை அகலம் அலைநீளத்தைத் தட்டின் விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 21 சென்டிமீட்டர் அலைக்கு என் தட்டின் பார்வை 6 பாகை, ஜிகே-2ஏ-வுக்கு 5, சி-பேண்டுக்கு 2.2, கே-யு பேண்டுக்கு முக்கால் பாகைக்கும் குறைவு. மரையில் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் தட்டு கால் பாகை தள்ளாடும். ஹைட்ரஜன் அலைக்கு அது ஒன்றுமே இல்லை. கே-யு பேண்டில் குறிப்பிடத்தக்க இழப்பு. எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாமல் துல்லியத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியை விட்டுவிட முடியாது. "சார், தட்டு சாய்ந்திருந்தால் எடை ஒரு பக்கமாக அழுத்தும், மரை ஆடாது. உச்சியில் நின்றால் எந்தப் பக்கமும் அழுத்தாதே?" உண்மை. குளிர்நாடுகளில் தட்டு உச்சியைப் பார்ப்பதே இல்லை. நமக்கோ மியாசாட் முதல் பல கோள்கள் உச்சியை ஒட்டியே நிற்கின்றன. அங்கே சின்னக் காற்றுக்கும் தட்டு லொடலொடவென்று ஆடும்.

விடையைக் கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை ஆனது (தட்டைத் தொடாமல், வரவேற்பறை மேசையில், அட்டையில் வெட்டிய மாதிரியோடு). முதலில் எதிர்எடை: அச்சுக்குப் பின்னால் 60 சென்டிமீட்டரில் உடற்பயிற்சிக் கூடத்து 10 கிலோ தட்டுகள் இரண்டு. 45 கிலோவும் 40 சென்டிமீட்டரும் தரும் 18 கிலோ மீட்டரில் 12 கழிந்துவிட்டது, மீதி 6. அடுத்து, தட்டின் சட்டத்திலிருந்து அச்சின் மட்டத்திலேயே கிழக்கு நோக்கி 1.2 மீட்டர் குழாய் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் 5 கிலோ. அது தருவதும் 6. இரண்டும் சேர்ந்தால் தட்டு சமநிலைக்கு வருவது மேற்கே 45 பாகை சாய்ந்த இடத்தில்தான். நாங்கள் போவது 39 வரைதான். ஆக, வீச்சு முழுவதிலும் தட்டு கிழக்குப் பக்கமே அழுத்திக்கொண்டிருக்கும். மரை ஒருபோதும் ஆடாது. கிழக்கு ஓரத்தில் திருப்புத்திறனும் 125-லிருந்து 83 ஆகக் குறைந்துவிட்டது. செலவு? பழைய எடைத்தட்டுகளும் வெல்டிங் பட்டறைக் கூலியும். ஆக்சுவேட்டரை ஒரு படி பெரிதாக வாங்குவதற்குப் பதில் முதலில் தட்டைச் சமன்செய்யுங்கள் என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைக்கிறேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வலைத் தட்டு இல்லாமல் முழு உலோகத் தட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: உச்சியைப் பார்க்கும் தட்டு ஒரு குண்டான். 2.4 மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பரவளையக் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பினால் 900 லிட்டர். 900 கிலோ! நடுவிலுள்ள வடிகால் துளையை இரண்டு முருங்கை இலைக் கொத்து அடைத்துவிடும். புயலில் தட்டை உச்சிக்குத் திருப்பிவிட்டால் காற்று விளிம்பில் மட்டும் படும் என்பது சரியான அறிவுரைதான். நம் ஊர் மழையில் அதுவே தண்ணீர் பிடிக்கும் நிலையும் ஆகிவிடுகிறது. அப்படி நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு பெருகினால் சுகாதாரத் துறை அபராதம் வேறு. ஆக்சுவேட்டரின் குழாயிலும் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதை மேல்பக்கம் பார்க்க மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் தேங்கி, மோட்டாரின் தாங்கி துருப்பிடித்த பிறகு "மட்டமான சரக்கு" என்பார்கள்.

புயல் நேரத்தில்தான் மின்சாரமும் போகும். அதனால் தட்டைத் திருப்பும் மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்து நேராக வராமல், 12 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்து 36 வோல்ட்டாக வருவது நல்லது. இடியும் மின்னலும் அதிகமுள்ள நாடு நம்முடையது. தாங்குகாலுக்குத் தரையிணைப்புக் கம்பி கட்டாயம். நிலை காட்டும் துடிப்புகளை எண்ணும் கருவி எப்போதாவது எண்ணிக்கையைத் தவறவிடும். எனவே குழாய்க்குள்ளேயே இரு முனையிலும் நிறுத்து சுவிட்சுகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலேசியாவானாலும் சிங்கப்பூரானாலும் பெரிய தட்டு வைக்கும் முன் தொடர்புத்துறை ஆணையத்திடம் அனுமதி விவரம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

அச்சைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மார்ச் 20, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டிச் சூரியன் ஏறக்குறைய அந்தக் கோள் வளையத்தின் பாதையிலேயே நகர்கிறது. முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை தட்டை அதன் பின்னால் திருப்பிக்கொண்டே வந்தால், ஏற்பியின் நிழல் தட்டின் நடுவிலேயே விழ வேண்டும். ஓரத்துக்கு நழுவினால் அச்சு கோணல். சென்ற மார்ச்சில் எங்களுடையது ஒரு கை அகலம் வடக்கே நழுவியது.

ஹைட்ரஜன் ஆசைக்கு ஒரு எல்லை உண்டு என்று மாணவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ஒரே மோட்டாரில் வான நடுக்கோட்டு வளையத்தை மட்டுமே பார்க்க முடியும். நல்ல வேளையாகப் பால்வெளி அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டுகிறது: திருவோணத்தின் பக்கம் ஒன்று, திருவாதிரையின் பக்கம் ஒன்று. தொடக்கத்துக்கு அது போதும்.

24 அங்குல நீட்சி, ஆக்மித் திருகு, நிலையான சுமை 450 கிலோ என்று எழுதியிருந்த ஒன்றை இப்போது வாங்கி மாட்டியிருக்கிறேன். எடைகளையும் மாட்டி, கயிறு கட்டி, யாரையும் அருகில் விடாமல், நான் மட்டும் ஐம்பது முறை ஓட்டிப் பார்த்தேன். பின்புறத்தில் மூன்று மீட்டர் தள்ளி மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. தட்டு நகரும்போது அதைத் தாண்டக் கூடாது. கணக்கை இரண்டு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். காற்றின் விசை வரும் வரியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில், "மணிக்கு 90 வந்தால்?"

நொடிக்கு 25 மீட்டர். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும்; தண்டின் மேல் 220 கிலோ. தாங்கும் என்று கீழே எழுதிக் கொடுத்தேன். வரும் சனிக்கிழமை பையன் வருகிறான். அவரும் கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.